உள்ள ஓடுற டைவ் பிளே: பயலுக எல்லாம் வெளியவே ஓடுறானுக, எப்படி சொல்லிக்குடுக்குறது?

டிக்கோயா கணக்கு மாஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். நான் விளையாட்டு சேர் இல்ல, கணக்குப் பாடம், ஆனா பின்னேரத்துல புள்ளைகள கூட்டிக்கிட்டு கிரவுண்டுல நிக்கிறது மூணு வருஷமா நடக்குது. போன டிசம்பர்ல டொரொண்டோல இருக்குற எங்க சின்னம்மா மகன் வந்தப்ப அவன் மகன் டீம்ல விளையாடி விட்ட அமெரிக்கன் ஃபுட்பால் சாமான் கொஞ்சம் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனான், ஒம்பது ஹெல்மெட், ஆறேழு ஷோல்டர் பேட், ரெண்டு பந்து. ஜனவரியில இருந்து பதினாறு பயலுக வர்றானுக, எல்லாம் 11ல இருந்து 13 வயசு, பாதிப் பேர் மேட்டு லயம் பாதிப் பேர் பணிய லயம், இவனுகள்ல ஒருத்தனும் அதுக்கு முன்னால அந்தப் பந்த கையில தொட்டதில்ல, கிரிக்கெட்டும் வாலிபோலும் தான் தெரியும்.

ஒரே ஒரு பிளே ஒழுங்கா சொல்லிக்குடுக்கணும்னு தான் நினைச்சேன். முன்னால ஒரு லைன், அதுல நடுவுல பந்த பின்னால குடுக்குற சென்டர், ரெண்டு பக்கம் கார்ட், அதுக்கு வெளிய டேக்கிள், குவாட்டர்பேக் பந்த வாங்கி பின்னால நிக்கிற ஃபுல்பேக் கையில குடுக்கணும், அவன் சென்டருக்கும் வலது கார்டுக்கும் நடுவுல நேரா பாயணும், அது தான் டைவ். வீடியோவுல பாத்தா ரெண்டு செகண்ட் வேல. எங்க கிரவுண்டுல பத்து தடவ போட்டா எட்டு தடவ பந்து வச்சிருக்குறவன் நடுவுல கூட்டத்தப் பாத்ததும் வெளிய திரும்பி ஓடுறான், எங்க கிரவுண்டு ஒரு பக்கம் சரிவு, அந்தப் பக்கம் தண்ணி கான் இருக்கு, ஒருத்தன் போய் விழுந்தே விட்டான். லைன்ல நிக்கிறவனுக முன்னால தள்ளாம பந்து எங்க போகுதுன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறானுக. பந்து குடுக்குற இடத்துலயே மூணுக்கு ஒண்ணு கீழ விழுது.

இன்னொண்ணும் சொல்லணும், மனசு கேக்கல. ஃபுல்பேக்கா நான் போட்டது எங்க தோட்டத்துலயே வேகமா ஓடுற பயல. அவன் ஒவ்வொரு தடவையும் வெளிய ஓடுனதுல நான் எல்லாருக்கும் முன்னால சத்தம் போட்டுட்டேன், பயந்தாங்கொள்ளின்னு ஒரு வார்த்தையும் வந்துருச்சு. ரெண்டு நாளா அவன் வரல. வீட்டுக்குப் போய் கூப்புடணும், ஆனா அதுக்கு முன்னால நான் சொல்லிக்குடுக்குறதுல என்ன பிழைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்னு இருக்கு. இந்த விளையாட்டு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. நிஜமா மோதி விளையாட விடலாமா, அந்த ஹெல்மெட்ட எல்லாம் நம்பலாமா, அதையும் சொல்லுங்க.


ஸ்காபரோ பொகவந்தலாவை:

தம்பி, நான் பொகவந்தலாவையில பொறந்தவன், இங்க ஸ்காபரோவுல என் மகன் விளையாடுன டீமுக்கு ஆறு சீசன் லைன் கோச்சா நின்னவன். உங்க போஸ்ட் படிச்சிட்டு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம இத எழுதுறேன்.

முதல்ல அந்தப் பயல் விஷயம். அவன் மேல பிழையே இல்ல. உள்ள ஓடுற பிளே கெட்டுப்போறது பெரும்பாலும் லைன்ல தான், அதுவும் முதல் அடியில. ஓடுறவன் கண்ணுக்கு முன்னால சுவர் தெரிஞ்சா 12 வயசு புள்ள என்ன செய்வான், திறந்திருக்குற பக்கம் தான் போவான், அது பயம் இல்ல புத்தி. இன்னைக்கே அவன் வீட்டுக்குப் போங்க, "நான் தான் பிழையா சொல்லிக்குடுத்துட்டேன்"னு அவன் அப்பா அம்மா முன்னால சொல்லுங்க. மத்தது எல்லாம் அதுக்குப் பொறகு.

இப்ப லைன். உங்க பயலுக ஏன் திரும்பிப் பாக்குறானுகன்னா தன் வேலை எதுன்னு அவனுக்குத் தெரியல, வேலை தெரியாதவன் பந்தத் தான் பாப்பான். இங்க நாங்க ஏ கேப், பி கேப், சி கேப்னு சொல்லுவோம், சென்டருக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்குறது ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவுல பி, அதுக்கு வெளிய சி. உங்க புள்ளைகளுக்கு அந்த எழுத்தெல்லாம் வேணாம். எங்க அம்மா இருபத்திரெண்டு வருஷம் கொழுந்து எடுத்தவங்க, காலையில கங்காணி தேயிலை நெரை பிரிச்சு விட்டா உன் நெரை உன்னுது, பக்கத்து நெரையில கை வைக்கக் கூடாது, உன் நெரையில கொழுந்து விட்டுப்போனா கேள்வி உன்கிட்ட தான். அதையே சொல்லுங்க. உனக்கு உள்பக்கம், அதாவது பந்து இருக்குற பக்கம், உனக்கும் பக்கத்துல நிக்கிறவனுக்கும் நடுவுல இருக்குற சந்து தான் உன் நெரை. அதுல எதிராளி நிக்கிறானா, அவன் உன் ஆள். இல்லையா, உனக்கு நேர் எதிர்ல நிக்கிறவன் உன் ஆள். ரெண்டும் இல்லையா, நெரைய முடிச்சவங்க பக்கத்து நெரைக்கு கை குடுக்குற மாதிரி பக்கத்துல இருக்குறவனோட சேந்து ஒரு தள்ளு தள்ளிட்டு மேல போ, அங்க எதிர் டீம்ல ரெண்டாவது வரிசையா பின்னால நிக்கிற லைன்பேக்கர் உனக்கு. சென்டருக்கு மட்டும் கொஞ்சம் வேற, நேர்ல ஆள் இருந்தா அவன், இல்லாட்டி பிளே போற பக்கத்துக்கு மறுபக்க சந்து. இத புள்ளைக வாயால சொல்லணும், ஒவ்வொரு தடவையும் பந்து எடுக்குறதுக்கு முன்னால லைன்ல நிக்கிறவன் கைய நீட்டி "என் ஆள் இவன்"னு காட்டட்டும். எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சா தெரியட்டும், இந்த வயசுல அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

நீங்க செய்யிற இன்னொரு பிழை எனக்குத் தெரியுது, ஏன்னா நானும் முதல் சீசன்ல அதையே தான் செஞ்சேன். ஓட்டை இந்த இடத்துலனு முடிவு பண்ணி அங்க தான் போகணும்ங்குறீங்க. நான் மேல சொன்ன விதிப்படி வலது கார்ட் தன் நெரையில நிக்கிறவன உள்ள தள்ளுனா நீங்க சொன்ன அந்த ஓட்டை மூடிரும்ல, அப்ப ஓடுறவன் எங்க போவான்? அவனுக்கு ஓட்டையக் காட்டாதீங்க, ஒரு முதுகக் காட்டுங்க. வலது கார்டோட முதுகு. பந்த வாங்குனதும் அந்த முதுகப் பாத்தே ஓடு, அவன் ஆள உள்ள தள்ளுறானா நீ அவனுக்கு வெளிப்பக்கம் ஒட்டி போ, வெளிய தள்ளுறானா உள்பக்கம் ஒட்டி போ. ஒரே ஒரு வெட்டு, அதாவது ஒரு தடவ தான் திசை மாத்தணும், பொறகு நேரா மேல. "ஒட்டி"ங்குற வார்த்தைய அழுத்திச் சொல்லுங்க, கை நீட்டுனா முதுகத் தொடணும், அப்ப வெளிய சுத்தி ஓடுற பழக்கம் தானா விடும். ஃபுல்பேக் பந்துல இருந்து 4 யார் பின்னால நின்னா போதும், அதுக்கு மேல தள்ளி நின்னா அவன் வர்றதுக்குள்ள கூட்டம் கூடிரும்.

முதல் அடி. இது தான் உயிர். பந்து அசைஞ்சதும் லைன்ல நிக்கிறவனோட முதல் அடி 6 இஞ்ச் தான், ஒரு சாண் கூட இல்ல, நெரை பக்கத்து கால், ரெண்டாவது அடி தரையில பட்ட பொறகு தான் எதிராளி மேல கை படணும். பெரிய அடி எடுத்து வச்சா ஒத்தக் கால்ல நிக்கும்போது மோதுவான், விழுந்துருவான், உங்க பயலுக கீழ விழுறதுக்கு காரணம் அது தான்னு நினைக்கிறேன். இங்க கனடா ரூல்ல எதிராளி பந்துல இருந்து 1 யார் தள்ளி நிக்கணும், அதனால எங்க புள்ளைகளுக்கு கொஞ்சம் நேரம் கிடைக்கும், அமெரிக்க ரூல்ல நடுவுல பந்தோட நீளம் தான் இடைவெளி, 11 இஞ்ச், அப்ப முதல் அடி இன்னும் முக்கியம். உங்க சின்னம்மா மகன் எந்த ரூல் சொன்னாரோ தெரியாது, இங்க 12 பேர் 3 டவுன் (பந்த முன்னால கொண்டுபோக கிடைக்குற தடவ), அங்க 11 பேர் 4 டவுன், ரெண்டையும் கலக்காதீங்க.

பதினாறு பேர வச்சு பதினொன்னுக்கு பதினொன்னு போட முடியாது, போடவும் வேணாம். பாதி லைன் போடுங்க, சென்டர் வலது கார்ட் வலது டேக்கிள், குவாட்டர்பேக், ஃபுல்பேக், எதிர்ல மூணு பேர். எதிர்ல நிக்கிறவனுகள ஒவ்வொரு தடவையும் இடம் மாத்தி நிக்க வைங்க, ஒரு தடவ சந்துல, ஒரு தடவ நேர்ல, ஒருத்தன் பின்னால. ஒரே பிளேய திருப்பித் திருப்பிப் போட்டா எதிர்ல நிக்கிறவனுக்கு பந்து எங்க வருதுன்னு தெரியும், எல்லாரும் நடுவுல வந்து குவிஞ்சிருவானுக, பொறகு ஓடுறவன் வெளிய போறான்னு நீங்க கோவப்படுறீங்க. முதல் வாரம் நடந்து பழகுங்க, ஓட்டம் வேணாம், நடை மட்டும். லைன்ல எவ்வளவு தள்ளி நிக்கணும்ங்குறதுக்கு ஒரு நீளக் கயிறு எடுத்து முடிச்சு போட்டு தரையில வைங்க, ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல 2 அடி. இங்க கோச்மாரு பழைய தண்ணிக் குழாய்ல பெயிண்ட் அடிச்சு வைப்பாங்க, அதே வேல தான்.


கண்டி ரக்பி:

சேர், நான் ரக்பி ஆள், கண்டியில பிராட்பி ஷீல்ட் மேட்ச் பாத்து வளந்தவன், இப்ப சின்னப் பொடியன்களுக்கு ரக்பி சொல்லிக்குடுக்குறேன். அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுனதில்ல ஆனா நிறைய பாப்பேன், ரெண்டும் ஒரே தாய் வயித்துப் புள்ளைக தான், 1880ல வால்டர் கேம்ப் ரெண்டு டீமையும் பிரிக்கிற அந்த ஸ்கிரிமேஜ் கோட்ட கொண்டு வந்ததுல இருந்து தான் பாதை பிரிஞ்சுது.

நான் சொல்ல வந்தது, உங்க புள்ளைக டிவியில ரக்பி பாத்திருப்பானுக, அது தெரியாமலே உள்ள உக்காந்திருக்கும். ரக்பியில பந்து வச்சிருக்குறவனுக்கு முன்னால போய் எதிராளிய மறிச்சா அது ஃபவுல், எல்லாரும் பந்துக்குப் பின்னால தான் நிக்கணும். நீங்க சொல்லிக்குடுக்குறது அதுக்கு நேர் எதிர், முன்னால போய் மறிக்கிறது தான் அங்க வேலையே. லைன்ல நிக்கிறவன் திரும்பிப் பாக்குறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், தான் பந்துக்கு முன்னால நிக்கிறது பிழைன்னு ஒரு கூச்சம். "முன்னால போறது தான் உன் வேல"ன்னு ஒரு தடவ தெளிவா சொல்லிருங்க.

ஸ்க்ரம்ல, அதாவது ரெண்டு டீமும் தோள் கோத்து முட்டித் தள்ளுறதுல, பழகுன பொடியன்கள் இருந்தா இன்னொண்ணையும் பாத்துக்கோங்க, பக்கத்துல நிக்கிறவன் தோள கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணா தள்ளப் பாப்பானுக. அங்க கைகோத்து பிளாக் பண்ணுறது, அதாவது மறிச்சுத் தள்ளுறது, ஃபவுல். அதுக்கு ஒரு கதையே இருக்கு, 1892ல ஹார்வர்ட் யேல் மேட்ச்ல ஃப்ளையிங் வெட்ஜ்னு ஒண்ணு போட்டாங்க, ஆளுக ஆப்பு மாதிரி கூடி ஓடி வந்து ஒருத்தன் மேல விழுறது, காயம் தாங்காம 1894ல தடை பண்ணிட்டாங்க. அதனால தனித்தனியா நின்னு தான் தள்ளணும்.

ஆனா எங்ககிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, முதுகு. ஸ்க்ரம்ல முதுகு மேசை மாதிரி தட்டையா, தோள் இடுப்புக்கு கீழ போகாம, தலை நிமிந்து, கண்ணு முன்னால. அதே உடம்பு தான் பிளாக்குக்கும். கைய எதிராளியோட நெஞ்சுல வைக்கணும், முழங்கை உள்பக்கம் ஒட்டி இருக்கணும், வெளிய போய் ஜெர்சிய பிடிச்சா அங்க ஹோல்டிங், 10 யார் போயிரும். உரச் சாக்குல காஞ்ச மானாப்புல்ல அடைச்சு வாய தைச்சிட்டீங்கன்னா நல்ல பேக் கிடைக்கும், நாங்க அப்படித் தான் ஆரம்பிச்சோம். நல்லா கழுவிட்டு அடைங்க, உரம் கண்ணுல படக்கூடாது.


பதுளை அக்கா:

தம்பி, நான் நர்ஸ், விளையாட்டப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா கடைசியா கேட்டீங்களே மோத விடலாமா ஹெல்மெட்ட நம்பலாமான்னு, அதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல.

ஹெல்மெட் மண்டை ஓடு உடையாம காக்கும். உள்ள மூளை குலுங்குறத அது நிறுத்தாது. இத நீங்களும் புரிஞ்சுக்கணும், பெத்தவங்களுக்கும் விளங்கப்படுத்தணும், ஏன்னா அந்த இரும்புக் கம்பிய முகத்துல மாட்டுனதும் புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தைரியம் வந்துரும், அந்த தைரியத்துல தலைய குனிஞ்சு முட்டுவானுக. என் மூத்த மகனுக்கு ஒரு ஸ்கூல் மேட்ச்ல தலையில அடிபட்டுச்சு, அது வேற விளையாட்டு, அங்க நின்ன பெரியவர் தண்ணி தெளிச்சு திரும்ப உள்ள அனுப்புனாரு. அன்னைக்கு ராத்திரி முழுக்க வாந்தி. நல்ல வேளை தப்பிச்சான். இன்னைக்கும் அத நினைச்சா எனக்கு கை நடுங்கும்.

அதனால, அடிபட்ட புள்ளைக்கு தலைவலி, வாந்தி, தலை சுத்து, கண்ணு கூசுறது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்குறது, நேத்து என்ன நடந்துச்சுன்னு மாத்திச் சொல்றது, தூங்கித் தூங்கி விழுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு அவனுக்கு விளையாட்டு முடிஞ்சுது, அவன் கெஞ்சுனாலும் முடிஞ்சுது, டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் திரும்ப வரக்கூடாது. வாந்தி நிக்கல, மயங்குறான், தலைவலி கூடுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. உங்க கிரவுண்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில போவீங்கன்னு முன்னாலயே முடிவு பண்ணி வைங்க, அந்த த்ரீவீல் தம்பியோட நம்பர் உங்க போன்ல இருக்கணும், தோட்டத்து ரோட்டுல அந்த நேரத்துல வண்டி தேடுற கஷ்டம் எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, சித்திரை மாசம் வருது, நம்ம பக்கம் பின்னேர இடி மின்னல் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. இடிச் சத்தம் கேட்டா உடனே புள்ளைகள கட்டடத்துக்குள்ள ஏத்துங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் போற வரைக்கும் இறக்காதீங்க. மரத்துக்கு கீழ நிக்க விடாதீங்க.


ஸ்காபரோ பொகவந்தலாவை:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு, நான் முதல்லயே எழுதியிருக்கணும். ஹெல்மெட் உள்ள செஞ்ச வருஷம் போட்டிருப்பாங்க, பாருங்க தம்பி. பத்து வருஷம் தாண்டுன ஹெல்மெட்ட இங்க சரிபாத்து திருப்பிக் குடுக்குற கம்பெனிக்காரங்க கையிலயே எடுக்க மாட்டாங்க, நீங்களும் போட விடாதீங்க, எவ்வளவு புதுசா தெரிஞ்சாலும். மத்ததுல விரிசல், உள்ள பேட் இறுகிப்போனது, தாடைப் பட்டி பிஞ்சது எல்லாம் பாருங்க. போட்ட பொறகு முன் விளிம்பு புருவத்துக்கு மேல 1 இஞ்ச்ல இருக்கணும், ஹெல்மெட்ட பிடிச்சு ஆட்டுனா தலையும் சேந்து ஆடணும், தனியா சுத்துனா அது அந்தப் புள்ளைக்கு சைஸ் இல்ல.

மோதுறதப் பத்தி. அமெரிக்காவுல யூஎஸ்ஏ ஃபுட்பால் வச்சிருக்குற படிக்கட்டு ஒண்ணு இருக்கு, அஞ்சு படி. முதல்ல ஏர், எதிர்ல ஆளே இல்ல. ரெண்டாவது பேக், சாக்கு மட்டும். மூணாவது கண்ட்ரோல், யார் ஜெயிக்கணும்னு முன்னாலயே பேசிட்டு மெதுவா. நாலாவது தட், இடுப்புக்கு மேல தொட்டு நிறுத்துறது, யாரும் தரையில விழக்கூடாது. அஞ்சாவது தான் லைவ். உங்க புள்ளைகளுக்கு இந்த வருஷம் முழுக்க முதல் மூணு படியே போதும், ஒம்பது ஹெல்மெட்ட வச்சு பதினாறு பேர லைவ்ல விடுற பேச்சே வேணாம். பாப் வார்னர்னு அங்க பெரிய சின்னப்புள்ளைக லீக் இருக்கு, அவங்களே 2019ல சின்ன வயசு பிரிவுகளுக்கு கைய தரையில ஊனி குனிஞ்சு நிக்கிறத எடுத்துட்டாங்க, தலை முன்னால போயிருது அதனால. நீங்களும் கைய முழங்கால்ல வச்சு நிக்க வைங்க, உள்ள ஓடுற பிளேக்கு அது நல்லாவே வேல செய்யும், கண்ணும் மேல இருக்கும்.

பந்து கீழ விழுறதுக்கு ரெண்டு கேள்வி. உங்ககிட்ட இருக்குற பந்து என்ன சைஸ்? 12 வயசு வரைக்கும் ஜூனியர், 12ல இருந்து 14 வரைக்கும் யூத், பெரிய ஆளுக பந்த இந்தப் புள்ளைக கை சுத்திப் பிடிக்காது. ரெண்டாவது, வாங்குறவன் எந்த முழங்கைய தூக்குறான்?


டிக்கோயா கணக்கு மாஸ்டர்:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும், சித்திரை வருசப்பொறப்பு லீவும் மழையும் சேந்துருச்சு.

அந்தப் பயல் வீட்டுக்கு மறுநாளே போனேன். அவன் அப்பா பிரட்டு முடிஞ்சு வந்து திண்ணையில உக்காந்திருந்தாரு, அவர் முன்னாலயே சொன்னேன், பிழை என்னோடதுன்னு. பயல் ஒண்ணும் பேசல, அடுத்த நாள் எல்லாருக்கும் முதல்ல வந்து கயித்துல முடிச்சு போட்டுக்கிட்டு இருந்தான். எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

ஹெல்மெட் ஒம்பதுல அஞ்சுக்கு பத்து வருஷம் தாண்டிருச்சு, அத தனியா எடுத்து கட்டி வச்சிட்டேன், மீதி நாலும் இப்பைக்கு வேணாம்னு பொட்டியில போட்டுட்டேன். ஹெல்மெட் இல்லாம, சாக்கு மட்டும், நடை மட்டும். பெத்தவங்கள கூப்புட்டு அக்கா எழுதுனத அப்படியே வாசிச்சுக் காட்டுனேன், த்ரீவீல் நம்பர் ரெண்டு பேர் கிட்ட வாங்கி வச்சிருக்கேன்.

நெரை விஷயம் தான் அண்ணே, அத எப்படி சொல்றதுன்னு தெரியல. நான் மூணு மாசம் கத்துன கத்துக்கு வராதது ஒரு பின்னேரத்துல வந்துச்சு. டேக்கிளா நிக்கிற ஒரு பயல் கார்டப் பாத்து "டேய் அது என் நெரை, நீ ஏன் வர்ற, உன்னோடத பாரு"ன்னு சத்தம் போடுறான், அவன் அம்மா அந்த நேரம் கொழுந்து நிறுத்துட்டு கூடையோட அந்த வழியா வந்தவங்க நின்னு கேட்டு சிரிச்சாங்க, பொறகு பக்கத்துல வந்து என்ன நெரைன்னு விசாரிச்சாங்க. எத்தனையோ வருஷம் இந்தப் புள்ளைகளுக்கு கணக்கு சொல்லிக்குடுக்குறேன், வீட்டுப் பேச்ச எடுத்து ஒரு பாடத்த விளங்கப்படுத்தலாம்னு எனக்கு இவ்வளவு தெளிவா தோணுனதே இல்ல.

கார்ட் முதுக ஒட்டி ஓடுறதும் வந்துருச்சு, வேகமான பயல நான் மாத்தல, அவனே ஃபுல்பேக். ஆனா மெதுவா ஓடச் சொன்னா அவனுக்கு கஷ்டமா இருக்கு, லைன் தள்ளி முடிக்கிறதுக்கு முன்னால இவன் போய் முதுகுல முட்டிக்கிறான். பந்து பெரிய சைஸ் தான், பாத்தேன், பேர் தேஞ்சு போச்சு ஆனா கைக்கு அடங்கல. முழங்கைய ஒருத்தன் இடது தூக்குறான் ஒருத்தன் வலது, அது எப்படி இருக்கணும்னு நானே சொல்லிக்குடுக்கல. இப்ப எதிர்ல நிக்கிறவனுக்கும் புத்தி வந்து நடுவுல நாலு பேர் குவியிறானுக, அதுக்கு என்ன செய்யிறது?


ஸ்காபரோ பொகவந்தலாவை:

தம்பி, அந்த அம்மா நின்னு கேட்டாங்கன்னு எழுதுனீங்களே, அத எங்க வீட்டுல சத்தமா வாசிச்சேன்.

முழங்கை: குவாட்டர்பேக் எந்தப் பக்கம் நிக்கிறானோ அந்தப் பக்கத்து முழங்கை மேல, நெஞ்சு உயரத்துக்கு, மத்த கை வயித்துக்கு கீழ உள்ளங்கை மேல பாத்து, நடுவுல ஒரு வாய் மாதிரி திறந்திருக்கணும். வலது பக்கம் ஓடுற பிளேக்கு குவாட்டர்பேக் இவனுக்கு இடது பக்கம் வருவான், அப்ப இடது முழங்கை மேல. இவன் பந்தப் போய் பிடுங்கக் கூடாது, கண்ணு கார்ட் முதுகுல, பந்த வயித்துல வச்சு அமுக்குறது குவாட்டர்பேக் வேல, பட்டதும் ரெண்டு கையும் மூடணும், கூட்டத்தத் தாண்டுற வரைக்கும் ரெண்டு கை. மழையில நனைஞ்ச பந்துக்கு குவாட்டர்பேக் இடுப்புல ஒரு துணி சொருகி வைங்க, சென்டருக்கும் ஒண்ணு. பந்து நான் அனுப்புறேன், யூத் சைஸ் ரெண்டு, சின்னப் புள்ளைகளுக்கு ஜூனியர் ஒண்ணு, விலாசம் இங்க போடாதீங்க, தனியா மெசேஜ் பண்ணுங்க.

முட்டிக்கிறதுக்கு: அவனோட வேகத்த குறைக்காதீங்க, அது அவன் சொத்து. 4 யார்ல நிக்கிறவன 5க்கு தள்ளுங்க, முதல் அடிய மட்டும் நிதானமா வைக்கச் சொல்லுங்க, பந்து வயித்துல பட்ட பொறகு முழு வேகம்.

நடுவுல நாலு பேர் குவிஞ்சா அது நல்ல செய்தி, உங்க டைவ அவனுக மதிக்கிறானுகன்னு அர்த்தம். அப்ப ட்ராப்னு ஒண்ணு இருக்கு. ஒரு எதிராளிய வேணும்னே தடுக்காம உள்ள வர விடுறது, அவன் வழி கிடைச்சிருச்சுன்னு சந்தோஷமா ரெண்டு அடி எடுத்து வைக்கும்போது மறுபக்க கார்ட் லைனுக்குப் பின்னாலயே குறுக்க ஓடி வந்து அவன பக்கவாட்டுல வெளிய தள்ளிருவான், அவன் விட்டுட்டு வந்த இடமே ஓட்டை. அதுக்கு குறுக்க வர்ற கார்டுக்கு ரெண்டு விஷயம் பழகணும், முதல் அடியில உடம்ப திருப்புறது, பின்னால இருந்து தள்ளாம முன்பக்கமோ விலாப்பக்கமோ மட்டும் தொடுறது, பின்னால இருந்து தள்ளுனா ஃபவுல், காயமும் படும். சாக்க வச்சு ரெண்டு வாரம் பழகிட்டு அப்பறம் ஆள வைங்க. குறுக்க ஓடி வர்ற கார்டுக்கு உங்ககிட்ட சுறுசுறுப்பான சின்னப் பயல் ஒருத்தன் இருப்பான், குண்டா இருக்குறவன் தான் கார்ட்னு நினைக்காதீங்க.


கண்டி ரக்பி:

சேர், எனக்கு ஒரு யோசனை. ஹெல்மெட்ட பொட்டியில போட்டுட்டீங்க, நல்லது. அப்ப மேட்ச் மாதிரி ஏதாவது விளையாடணும்னா ஃப்ளாக் ஃபுட்பால் போடுங்க, இடுப்புல துணிப்பட்டி சொருகி அத உருவுனா ஆள மடக்குன கணக்கு, 5 பேருக்கு 5 பேர், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல ஆம்பளைகளுக்கும் பொம்பளைகளுக்கும் அது இருக்கு. ஆனா அதுல பிளாக் கிடையாது, அதனால இந்த நெரை வேல அப்படியே வராது, பந்து கைமாத்துறதும் ஒரு வெட்டு வெட்டி நேரா ஓடுறதும் மட்டும் அப்படியே வரும். கோல் கோட்டுக்கு 5 யார் இருக்கும்போது ஓடக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு, அங்க பாஸ் தான், அத முன்னாலயே சொல்லிருங்க, இல்லாட்டி உங்க வேகமான பயல் அழுதுருவான்.


டிக்கோயா கணக்கு மாஸ்டர்:

நன்றி கண்டி சேர். இத ஏன் முன்னால சொல்லலன்னு தான் இருக்கு, ஏன்னா அந்தப் பயலோட தங்கச்சியும் இன்னும் நாலு பொம்பளப் புள்ளைகளும் தினமும் மேட்டுல உக்காந்து பாக்குறாங்க, நேத்து ஒருத்தி வந்து "சேர் எங்களுக்கு ஒரு நெரை இல்லையா"ன்னு கேட்டா. பழைய சேலையக் கிழிச்சு பட்டி தைக்கச் சொல்லி வீட்டுல குடுத்திருக்கேன், சனிக்கிழமைக்குள்ள பத்து பட்டி வந்துரும். அண்ணே, மெசேஜ் அனுப்பியிருக்கேன், பாருங்க. ட்ராப்ப திங்கக்கிழமை சாக்கு வச்சு தொடங்குறேன், குறுக்க வர்ற கார்டா யாரப் போடுறதுன்னும் தெரியும், பணிய லயத்துல இருந்து வர்ற சின்னவன் ஒருத்தன் இருக்கான், கானத் தாண்டுறதுல அவனை யாரும் பிடிக்க முடியாது.